பச்சை முட்டையும் பச்சைப் புள்ளியும்: நாமக்கல் பக்கத்து மயோனைஸ் தடை, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் கடைசி வாரம். திருச்செங்கோட்டில் என் ஆபீசை அடைக்கப் போகும் நேரத்தில் போன் வந்தது. நாமக்கல் ரோட்டில் ஷவர்மா கடை வைத்திருக்கும் தம்பி. அவன் கடைக்கு உணவு உரிமம் எடுத்துக் கொடுத்தது நான்தான். அதைப் புதுப்பிப்பதும் ஜி.எஸ்.டி. கணக்குப் போடுவதும் என் பிழைப்பு.

"ஏனுங்ணா, மயோனைசைத் தடை பண்ணிட்டாங்கன்னு டிவில ஓடுதுங்களே. நம்ம கடைக்கும் உண்டுங்களா?"

"பச்சை முட்டை போட்டதுன்னா உண்டு தம்பி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "இதுல பச்சை முட்டை கலந்திருக்குது, குழந்தைகளுக்கு வேண்டாம்னு ஒரு போர்டு எழுதி மாட்டிட்டா ஆகாதுங்களா?"

ஆகாது என்று சொல்லி வைத்துவிட்டேன். சட்டப்படி அந்தப் பதில் சரி. ஆனால் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, அவன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை என்று தோன்றியது. ஒரு பண்டத்தில் ஆபத்து இருக்கிறது என்றால் சொல்லி விற்கலாமா, விற்கவே கூடாதா? அதை முடிவு செய்வது சென்னையா, டெல்லியா? அடுத்த சில மாதங்கள் அந்தக் கடையையும் அதற்குச் சரக்குப் போட்டவரையும் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் அடையாளமும் வேண்டாம்.

ஆணையும் ஊரும்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு ஆணையரின் அறிவிக்கை ஏப்ரல் 8 முதல் அமல் என்றது. செய்தியாக ஊருக்கு வந்து சேர இரண்டு வாரம் பிடித்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைசைத் தயாரிக்கவோ, இருப்பு வைக்கவோ, கொண்டுபோகவோ, விற்கவோ கூடாது, ஓராண்டுக்கு. சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா என்று கிருமிகளின் பெயரைச் சொல்லிக் காரணம் காட்டியிருந்தார்கள். அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்றால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், பிரிவு 30, உட்பிரிவு 2. முட்டையே இல்லாத மயோனைசுக்கு இந்த ஆணை பொருந்தாது.

மாநிலம் முழுவதற்குமான ஆணைதான். ஆனாலும் அது நாமக்கல்லில் விழுந்த விதம் வேறு. காலையில் முட்டை விலை என்ன என்று தென்னிந்தியாவே எட்டிப் பார்க்கும் ஊர் இது. கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் கல்யாணத் தேதி குறிக்கும்போதுகூட ரேட் ஏறுமா இறங்குமா என்று பேச்சு வரும். சத்துணவுக்கும் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் இங்கிருந்துதான் முட்டை போகிறது. "முட்டைக்கே தடையாமே" என்று பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். தடை முட்டைக்கு இல்லை, வேக வைக்காமல் அடித்த கலவைக்குத்தான் என்று அவரிடம் விளக்கப் போய் ஒரு டீ செலவானது.

பயத்துக்கு இங்கே ஒரு பழைய காரணமும் இருந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். மாவட்ட நிர்வாகம் ஷவர்மாவுக்கும் கிரில் சிக்கனுக்கும் தற்காலிகத் தடை போட்டது. இந்தத் தம்பியின் கடை அப்போது பல நாள் பூட்டிக் கிடந்தது. அதனால்தான் 2025இல் செய்தி ஓடியதும் யாரும் சொல்லாமலே மயோனைஸ் டப்பாவைக் கொட்டிவிட்டு எனக்குப் போன் போட்டிருக்கிறான்.

கிருமி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வாதமும் இதில்தான் நிற்கிறது. சால்மோனெல்லா முட்டை ஓட்டின் மேல் எச்சத்தோடு ஒட்டியிருக்கலாம். அதன் ஒரு வகை, கோழியின் சூலகத்திலேயே புகுந்து ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். அப்படிப்பட்ட முட்டையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. வேக வைத்தால் செத்துவிடும். மயோனைசில் வேக வைப்பது என்பதே கிடையாது. அதைக் காப்பாற்றுவது புளிப்பு மட்டும்தான். வினிகரோ எலுமிச்சையோ தாராளமாக விட்டு, புளிப்பைக் காட்டும் கார அமிலக் குறியீட்டை (pH) நாலுக்குப் பக்கத்தில் இறக்கினால் கிருமி தாக்குப்பிடிக்காது. ஆனால் நம் கடைகளில் நடந்தது தலைகீழ். "புளிக்குதுண்ணா" என்று வாடிக்கையாளர் சொன்னதும் வினிகரைக் குறைத்தார்கள். பூண்டும் பாலும் சேர்த்து மெதுவாக்கினார்கள். இன்னொரு விசித்திரம்: அமிலம் கிருமியைக் கொல்வது சாதாரண வெப்பத்தில் வேகமாக நடக்கும், குளிரில் மெதுவாக. அடித்து முடித்ததும் அவசரமாக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்தவர், அரைகுறைப் புளிப்போடு கிருமியைப் பத்திரப்படுத்தியவர் ஆகிறார். பிறகு அதே டப்பா சாயங்காலம் முழுக்க அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் திறந்து நிற்கும்.

இந்த அளவுக்குத் தெரிந்த பிறகு, ஒரு போர்டு மாட்டி விற்கலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஷவர்மா கடைக்கு வருவது பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். போர்டைப் படித்து, தன் உடம்பை யோசித்து, வேண்டாம் என்று திரும்பிப்போக ராத்திரி எட்டு மணிக்கு எந்தப் பிள்ளை அங்கே வருகிறது?

குமாரபாளையத்து அக்கா

தம்பி மயோனைசைத் தானே அடிக்கவில்லை. குமாரபாளையத்தில் ஓர் அக்கா வீட்டில் செய்து, டி.வி.எஸ். எக்ஸெல்லில் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு வந்து போடுவார். வீட்டில் தறி ஓடிய காலம் போய், வேறு வழி தேடும்போது பிடித்த தொழில். நாளுக்கு நாலு அட்டை முட்டை, ஒன்றரை டின் எண்ணெய், 11 கடைகள். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று வைத்திருந்தார். அதையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

தடைச் செய்தி வந்த மூன்றாம் நாள் நேரில் வந்தார். அழவில்லை, திட்டவும் இல்லை. நோட்டில் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"முட்டையச் சுடுதண்ணில போட்டு எடுத்தா அதுவும் பேஸ்சரைஸ்தானுங்ணா?"

பேஸ்சரைஸ் என்றால் கிருமி சாகும்படி அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்துவது. வெறும் சுடுதண்ணீர் என்றால் இல்லை. ஓட்டோடு முட்டையைப் பதப்படுத்த 57 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். ரெண்டு டிகிரி குறைந்தால் கிருமி பிழைக்கும். கொஞ்சம் ஏறினால் வெள்ளைக்கரு கெட்டியாகிவிடும். அதற்கான தொட்டி, வெப்பப் பதிவு, எழுத்து மூலமான கணக்கு எல்லாம் இருந்தால்தான் அலுவலர் கேட்கும்போது காட்ட முடியும். பதப்படுத்திய திரவ முட்டையையும் முட்டைப் பொடியையும் செய்யும் பெரிய ஆலை ஈரோட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. ஆனால் அது டின் டின்னாக வாங்கி, குளிர்வண்டியில் ஏற்றி, குளிர் அறையில் வைக்கிறவர்களுக்கான வியாபாரம். எக்ஸெல் வண்டிக்கு ஒத்துவராது.

"அப்போ நான் நிறுத்தோணும். அவங்க பாக்கெட்டு மட்டும் விப்பாங்க. அப்படித்தானுங்க?"

அப்படித்தான் நடந்தது. மே முதல் வாரத்தில் 11 கடைகளும் ஒரு கிலோ பாக்கெட் மயோனைசுக்கு மாறிவிட்டன. முட்டை இல்லாதது, பச்சைப் புள்ளி போட்டது.

இந்த இடத்தில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். 14 இலக்க உரிம எண் இருக்கும். பதிவுச் சான்று என்றால் 2இல் தொடங்கும். உரிமம் என்றால் 1. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டு உரிமம் 124 என்று ஆரம்பிக்கும், மத்திய உரிமம் 100 என்று. அக்காவின் சான்று 224. கடைகளுக்குள் வந்த பாக்கெட்டுகளில் நான் பார்த்தவை எல்லாம் 100. 2025இல் இருந்த விதிப்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் பதிவு, அதற்கு மேல் மாநில உரிமம், 20 கோடியைத் தாண்டினால் மத்திய உரிமம். மாநிலம் போட்ட ஒரு தடை, மாநிலத்தின் கண்காணிப்பில் இருந்த சரக்கை வெளியேற்றி, டெல்லியின் உரிமத்தில் ஓடும் சரக்கை உள்ளே கொண்டுவந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆணை எழுதியவர் கிருமியைத்தான் பார்த்திருப்பார், சரியாகவே பார்த்தார். ஆனால் கிருமியை மட்டும் பார்க்கும் ஆணைக்கு எக்ஸெல் வண்டி கண்ணில் படாது.

தடை போடலாம், வாசகம் எழுத முடியாது

சரி, ஓர் ஆண்டுத் தடைக்கும் ஒன்றும் செய்யாமல் விடுவதற்கும் நடுவில் மாநிலத்துக்கு வழியே இல்லையா? பதப்படுத்தாத முட்டை என்று கட்டாயமாக எழுதச் சொல்லலாமே. சிறு தயாரிப்பாளருக்குப் புளிப்பு அளவை வரையறுத்து, சோதனை செய்து விற்க விடலாமே. நானும் இப்படித்தான் யோசித்தேன். சட்டத்தைப் புரட்டியதும் கதவு மூடியிருப்பது தெரிந்தது.

அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் சாப்பாடு மூன்று இழுப்பறைகளில் சிதறிக் கிடக்கிறது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலின் 6ஆம் இனம். உணவுக் கலப்படம் பொதுப் பட்டியலின் 18ஆம் இனம். தொழில்கள் பொதுவாக மாநிலத்துக்கு உரியவை. ஆனால் பொதுநலன் கருதி ஒரு தொழிலைத் தன் கட்டுப்பாட்டில் எடுப்பதாக நாடாளுமன்றம் சட்டத்தில் அறிவித்தால், ஒன்றியப் பட்டியலின் 52ஆம் இனத்தின்படி அது டெல்லிக்குப் போய்விடும். 2006 சட்டத்தின் இரண்டாம் பிரிவு செய்தது அதைத்தான். ஒற்றை வாக்கியம், உணவுத் தொழிலை ஒன்றியம் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்கிறது. 89ஆம் பிரிவு, உணவு பற்றிய மற்றச் சட்டங்கள் முரண்பட்டால் இதுவே மேலோங்கும் என்கிறது. தரம், லேபிள், விளம்பர வாசகம் எல்லாவற்றுக்கும் ஒழுங்குமுறை வகுப்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். மாநில அரசும் விதி செய்யலாம் என்று 94ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் தனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலைகளுக்கு மட்டும், அதுவும் அந்த ஆணையத்தின் முன் ஒப்புதலோடு.

ஆகவே சென்னையின் கையில் மிஞ்சியது 30ஆம் பிரிவின் தடை. ஓராண்டுக்கு மிகாமல், மாநிலம் முழுவதும் அல்லது ஒரு பகுதியில். கோடாரி கொடுத்திருக்கிறார்கள், கத்தி கொடுக்கவில்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. சென்னை மாகாணம் 1918லேயே கலப்படத் தடுப்புக்குத் தனிச் சட்டம் போட்டது. 1954இல் வந்த மத்தியச் சட்டம் நாடெங்கும் ஒரே விதி என்று கொண்டுவந்தது. அதற்கு நியாயம் இருந்தது: ஈரோட்டு மஞ்சளும் கவுந்தப்பாடி வெல்லமும் சேலத்து ஜவ்வரிசியும் உள்ளூரில் மட்டும் விற்பதில்லை. மாநிலத்துக்கு ஒரு தரம், ஒரு லேபிள் என்றால் வியாபாரியின் பாடு திண்டாட்டம்தான். ஜவ்வரிசி ஆலைக்காரர் மகாராஷ்டிரத்துக்கு ஒரு பை, வங்காளத்துக்கு ஒரு பை என்று அச்சடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரே நாட்டுச் சந்தையால் கொங்குநாடு நிறையவே சம்பாதித்திருக்கிறது என்பதை மறைத்துவிட்டு மாநில உரிமை பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் கோடாரி மட்டும் இருக்கிற கை எல்லாவற்றையும் வெட்டித்தான் பார்க்கும். குட்கா அதற்கு நல்ல சாட்சி. தமிழ்நாடு 2001இல் பழைய கலப்படச் சட்டத்தை வைத்துத் தடை போட்டது. இத்தகைய மாநிலத் தடைகள் உச்ச நீதிமன்றத்தில் 2004இல் நிற்கவில்லை. ஒரு பண்டமே உடம்புக்குத் தீங்கு என்று நிரந்தரமாக முடிவு கட்டுவது மத்திய அரசின் வேலை என்றது தீர்ப்பு. புதிய சட்டம் வந்தபின், உணவில் புகையிலையும் நிக்கோட்டினும் சேர்க்கக் கூடாது என்று 2011இல் மத்திய ஒழுங்குமுறை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2013 மே மாதம் மறுபடி தடை. சட்டம் ஓராண்டுதான் என்கிறது. ஆண்டு முடிந்ததும் இன்னோர் ஆண்டு, பிறகு இன்னோர் ஆண்டு. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தற்காலிக அதிகாரத்தை வருடா வருடம் நீட்டி நிரந்தரமாக்க முடியாது என்று சொல்லி ரத்து செய்தது. அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. தடைக்குத் தடை, அதற்கும் ஒரு தடை. பெட்டிக்கடைக்காரர் யாரை நம்புவது?

பஞ்சுமிட்டாய் வேறு கதை, ரெண்டையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு தடை செய்தது. அந்தச் சாயம் துணிக்கும் காகிதத்துக்கும் உள்ளது. உணவில் சேர்க்க இந்தியாவில் எங்கேயும் எப்போதும் அனுமதி கிடையாது. ஏற்கெனவே குற்றமாக இருந்ததை உரக்கச் சொன்னதுதான் அந்த ஆணை. திருப்பூர்க்காரர்களுக்குச் சாயம் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பச்சை முட்டை மயோனைஸ் அப்படி இல்லை. முதல் நாள் வரை சட்டப்படி விற்ற பொருள், மறுநாள் குற்றம்.

வாளையாறு வரைக்கும்

இதே மயோனைசைக் கேரளம் 2023 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியில். கணக்குப் போட்டால், இரண்டு வருடத்துக்கு மேல், எல்லைக்கு இந்தப் பக்கம் க.க.சாவடியில் நின்று சாப்பிடலாம், வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கூடாது என்றிருந்தது. முட்டை நாமக்கல் முட்டை, கிருமி அதே கிருமி. பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் ரெண்டு பக்கமும் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம், "அங்க வாயில வெச்சா விஷம், இங்க வெச்சா டேஸ்டுங்க" என்றார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரு முடிவு வரட்டும் என்று கேரளம் காத்திருந்தால் இந்த இரண்டு வருடமும் அங்கேயும் விற்றிருக்கும். மாநிலம் முந்திக்கொள்வதில் இருக்கும் நன்மை இதுதான். அதன் விலை இந்த எல்லைக்கோட்டுக் கோமாளித்தனம்.

அமெரிக்காவில் தம்பியின் போர்டுக்கு இடம் உண்டு. அங்கே ஓட்டல்களைப் பார்த்துக்கொள்வது மாநிலங்களும் மாவட்டங்களும். மத்திய அமைப்பு ஒரு மாதிரி விதித்தொகுப்பை எழுதிக் கொடுக்கும். மாநிலம் விரும்பியபடி எடுத்துக்கொள்ளும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ முட்டை, இறைச்சி பரிமாறினால், அதனால் நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று மெனு அட்டையில் எச்சரிக்க வேண்டும் என்பது அந்தத் தொகுப்பில் உண்டு. பாக்கெட் விஷயத்திலும் மாநிலங்கள் அங்கே முந்தின. கலிபோர்னியா மக்கள் 1986இல் ஓட்டுப் போட்டு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருந்தால் எச்சரிக்கை வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். அப்படிப்பட்ட மாநில எச்சரிக்கைகளை ஒழித்து ஒரே மாதிரி ஆக்க 2006இல் ஒரு மசோதா கீழவையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டாமல் செத்தது. வெர்மான்ட் மாநிலம் 2014இல் மரபணு மாற்றிய உணவுக்கு லேபிள் கேட்டது. அது அமலுக்கு வந்தது 2016 ஜூலை 1. அந்த மாதம் முடிவதற்குள் மத்தியச் சட்டம் வந்து அதை விழுங்கிவிட்டது. விழுங்கினாலும், நாட்டுக்கே ஒரு லேபிள் விதி வந்ததற்கு அந்தச் சின்ன மாநிலம்தான் காரணம். நம் ஊரில் அந்த விளையாட்டுக்கே வழியில்லை. இங்கே மாநிலம் லேபிள் எழுதித் தோற்கக்கூட முடியாது.

வரி என்னும் குச்சி ஒன்று இருந்தது. கேரளம் 2016இல் பெரிய உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டது. அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்தது, அந்தக் குச்சியும் போயிற்று.

பாக்கெட்டின் முன்பக்கம்

தம்பியின் கடைக்குச் சோதனைக்கு வந்த அலுவலர் நல்ல மனிதர். ஃபிரிட்ஜைத் திறந்தார், டப்பாவை முகர்ந்து பார்த்தார், "பில் எங்கப்பா?" என்றார். அவர் வேறென்ன செய்வார்? மயோனைசைக் கண்ணால் பார்த்துப் பச்சை முட்டையா, பதப்படுத்திய முட்டையா, முட்டையே இல்லையா என்று சொல்ல முடியாது. மாதிரி எடுத்தால் நாலு பங்காகப் பிரித்து, முத்திரை வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுக்கு 14 நாள். அதனால் பாக்கெட்டும் பில்லும்தான் சாட்சி. பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை என்று பொருள். முட்டை இருந்தால் பழுப்பு முக்கோணம் வேண்டும், ஒவ்வாமைப் பட்டியலிலும் முட்டை என்று எழுத வேண்டும். மாநிலத்தின் தடை மாநிலக் கடையில் நடைமுறையாவது, டெல்லி எழுதிய லேபிள் விதியின் முதுகில் ஏறித்தான்.

அந்தப் பாக்கெட்டை நானும் ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் பெயர் சோயா எண்ணெய். அடுத்து தண்ணீர், சர்க்கரை, மாவுச்சத்து, உப்பு, பிறகு எண்கள்: 415, 260, 211, 202, 385. கெட்டியாக்க, புளிக்க, கெடாமல் வைக்க, நிறம் மங்காமல் இருக்க. எல்லாம் அனுமதிக்கப்பட்டவை. ராத்திரி சாப்பிட்டு விடிவதற்குள் மருத்துவமனைக்குப் போகும் பயம் இதில் இல்லை. பத்து வருடம் வாரம் மூன்று முறை சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இதில் கேள்வி. அதற்கு முன்பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

தடை எதற்கு, எச்சரிக்கை எதற்கு என்று எனக்குப் பிடிபட்டது இங்கேதான். உடனே கொல்லும் கேட்டுக்கு எச்சரிக்கை உதவாது, நிறுத்தத்தான் வேண்டும். மெதுவாகச் சேரும் கேட்டைத் தடுக்க முடியாது, சொல்லி விட வேண்டும். முதலாவது மாநிலத்தின் கையில் இருக்கிறது, அது வேலையும் செய்தது. இரண்டாவது டெல்லியிடம். 2022 செப்டம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு வரைவு வெளியிட்டது, பாக்கெட்டின் முன்னால் நட்சத்திரக் குறியீடு போடலாம் என்று. சிலி 2016இலிருந்து கருப்பு எண்கோணத்துக்குள் "சர்க்கரை அதிகம்", "உப்பு அதிகம்" என்று பட்டவர்த்தனமாக அச்சடிக்க வைத்திருக்கிறது. நாம் பொரித்த தின்பண்டத்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுக்கலாமா, இரண்டு கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். எச்சரிக்கை கேட்டால் நட்சத்திரம் கொடுப்பது, குழந்தையின் காய்ச்சலுக்கு மதிப்பெண் போடுவது போல. 2025 ஏப்ரலில், மயோனைஸ் தடை ஆணை தேதியிட்ட மறுநாள், உச்ச நீதிமன்றம் இந்த முன்பக்க லேபிள் வழக்கில் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றது. மூன்று மாதத்தில் வரவில்லை, அவகாசம் நீண்டது. அந்த ஜூலையில் சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கைப் பலகை வரப்போகிறது என்று பெரிய பரபரப்பு. அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை பற்றிப் பொதுவான விழிப்புணர்வுப் பலகைதான், கடைக்காரர்களுக்கு ஒன்றுமில்லை என்று மத்திய அரசு மறுத்தது. எங்கள் தெரு பஜ்ஜிக்கடைப் பெரியம்மா மட்டும் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏங்கண்ணு, போர்டு எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முன்பு நடந்த ஒன்றும் நினைவில் வைக்க வேண்டும். 2015 ஜூன் முதல் வாரத்தில் மேகி நூடுல்சைத் தமிழ்நாடு மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. மறுநாள் மத்திய ஆணையம் நாடெங்கும் திரும்பப் பெறச் சொன்னது. ஆகஸ்ட் 13இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்கள் முறைப்படி அங்கீகாரம் பெற்றவை இல்லை என்று. நூடுல்சில் ஈயம் எவ்வளவு என்பதே அங்கே பெரிய பேச்சு. ஆனால் அஜினோமோட்டோ சேர்க்கவில்லை என்று பாக்கெட்டில் போட்டிருந்த வாசகம்தான் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது. பெரிய நிறுவனத்துக்கு உயர் நீதிமன்றம் போக வழி இருந்தது, தன் தரப்பைச் சொல்ல நேரம் கிடைத்தது. குமாரபாளையத்து அக்காவின் தரப்பைக் கேட்டது நான் மட்டும்தான். என்னால் ஆனது ஒரு டீ.

தமிழில் இல்லாத வரி

அக்கா இப்போது இஞ்சி பூண்டு விழுது அரைக்கிறார். அதே கடைகள், அதே எக்ஸெல். லேபிள் அடிக்க என்னிடம் வந்தபோது, "தமிழ்லயே போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார். போடலாம், ஆனால் தமிழில் மட்டும் போட முடியாது. லேபிள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி இந்தியில் இருக்க வேண்டும். மற்ற மொழி விரும்பினால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் விழுது குமாரபாளையத்தைத் தாண்டிப் போகாது. வாங்குகிற 11 பேரும் தமிழில்தான் படிப்பார்கள். கடையின் பெயர்ப் பலகையில் தமிழ் வேண்டும் என்று மாநில விதி இருக்கிறது, அது மாநிலத்தின் கடைகள் சட்டத்தில் வருவதால். உள்ளே இருக்கிற பாக்கெட்டில் தமிழ் வேண்டும் என்று மாநிலம் கேட்க வழியில்லை.

இது வெறும் மொழிப் பற்று விஷயம் இல்லை என்று புரிந்தது ஜூன் மாதம் ஒருநாள், தம்பியின் கடையில். கணக்கு வாங்கப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில், வெயில் விழும் இடத்தில், வெட்டித் திறந்த மயோனைஸ் பாக்கெட் ஒன்று ரப்பர் பேண்டு போட்டு நின்றது.

"தம்பி, இது எப்போ திறந்தது?"

"அது கெடாதுங்ணா. முட்டை இல்லீங்களே. பச்சைப் புள்ளி பாருங்க."

பின்னால் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த வரியைப் படித்துக் காட்டினேன்: திறந்தபின் குளிரில் வைக்கவும், இத்தனை நாளுக்குள் தீர்க்கவும். மாஸ்டர் ஒடிசாக்காரர், அவருக்கும் அது வாசிக்க வராது. எதிரே இருந்த இந்தி வரி அவருக்குக் கொஞ்சம் பிடிபட்டது, தலையாட்டினார். தம்பி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத்தனை நாளா இதுல இப்படி எழுதியிருக்குதுங்களா?"

அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வெட்டினான். டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டினான். பில் புத்தகத்துக்குள் இருந்த மார்க்கரை எடுத்து, "தொறந்தது செவ்வாக்கெழமை" என்று எழுதினான். பிறகு யோசித்து, மாஸ்டருக்காக அதன் கீழே தேதியை எண்ணில் எழுதி, ஃபிரிட்ஜுக்குள் வைத்தான்.